புத்தக ஆங்கிலத்தைப் பேச்சுக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடப் புத்தகத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் வரும் ஆங்கிலச் சொற்களை அன்றாடப் பேச்சில் எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது? பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை அசை பிரித்து எழுதும் இடங்களில், அழுத்தம் விழும் அசை ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

அகாடமிக் இங்கிலீஷ்னா என்ன? அது தனி மொழியா?

தனி மொழி இல்லை. இலக்கணம் ஒன்றுதான், சொல் அடுக்குதான் வேறு. அடியில் எல்லோரும் எப்போதும் பயன்படுத்தும் சொற்கள் இருக்கின்றன. 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இவை ஏறக்குறைய 2000. மேலே ஒவ்வொரு துறைக்கும் உரிய கலைச்சொற்கள். இரண்டுக்கும் நடுவில், எந்தத் துறைக் கட்டுரையை எடுத்தாலும் தலைகாட்டும் சொற்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன: அனலைஸ், அப்ரோச், ஃபேக்டர், சிக்னிஃபிகன்ட் போன்றவை. இந்த நடு அடுக்கைத்தான் அகாடமிக் சொற்கள் என்கிறோம்.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல் தொகுப்பை ஆராய்ந்து, வெஸ்ட்டின் பட்டியலில் வராத 570 சொற்குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்). 2000-இல் வெளியான பட்டியல் அது. கல்விக் கட்டுரை ஒன்றின் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அந்தப் பட்டியலைச் சேர்ந்தது. பயப்பட வேண்டாம், ஜாப், டீம், ஏரியா, கம்ப்யூட்டர், கப்பிள்கூட அதில் உண்டு. நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் சொற்கள்தான்.

சாதாரணமா பேசறதுக்கு இதெல்லாம் எதுக்கு?

கடையில் பொருள் வாங்கவோ வழி கேட்கவோ தேவையில்லை. ஆனால் பேச்சு என்பது அதோடு முடிவதில்லையே. ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று விளக்க வேண்டும், மருத்துவர் சொன்னதைத் திருப்பிக் கேட்க வேண்டும், சக ஊழியரின் கருத்தை மரியாதையோடு மறுக்க வேண்டும். அங்கெல்லாம் ஆப்ஷன், ரீசனபிள், ஸ்பெசிஃபிக், ஆல்டர்னேட்டிவ், ரெலவன்ட் போன்ற சொற்கள் இல்லாமல் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். இவற்றைக் கற்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம். படித்தவர் என்று காட்டிக்கொள்வதற்காகக் கற்றால், நாலு பேர் முன்னால் பேசும்போது அது நம்மையே தடுக்கிவிடும்.

படிச்சா எல்லாம் புரியுது. பேச வாயைத் திறந்தா ஒண்ணும் வரல. ஏன்?

ஏனென்றால் அவை இரண்டும் வேறு வேறு திறன்கள். படிக்கும்போது சொல் கண்ணெதிரே இருக்கிறது, பொருளை மட்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும். பேசும்போது பொருள் மனதில் இருக்கிறது, சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது திசையில் நாம் பயிற்சி செய்வதே இல்லை. ஒரு சொல்லைப் பத்து முறை வாசித்தாலும் அது முதல் திசையையே பலப்படுத்துகிறது.

எனவே பயிற்சியைத் திருப்பிப் போடுங்கள். ஒரு சிறு அட்டை எடுத்து, பின்பக்கம் ஆங்கில வாக்கியத்தையும் முன்பக்கம் தமிழில் ஒரு சூழ்நிலையையும் எழுதுங்கள்: ‘அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டும்.’ அதைப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன், முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் சேராது. நாக்கும் உதடும் அந்தச் சொல்லை ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை கத்துக்கணும்?

மூன்று, மிஞ்சினால் ஐந்து. இன்று கற்றதை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத் தானே சோதித்துக் காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து.

எல்லாத்தையும் புரிஞ்சுக்க மொத்தம் எத்தனை வார்த்தை தெரியணும்?

சொற்கள் பற்றிய ஆய்வில் பெரிய பெயரான பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். பிறர் பேசுவதில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் வேண்டும், எழுத்துக்கு 8000 முதல் 9000. இது புரிந்துகொள்வதற்கான அளவு. நீங்கள் பேச இதில் சிறு பகுதி போதும், அந்தச் சிறு பகுதி தயங்காமல் வாயில் வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சொற்குடும்பம்னு சொல்றீங்களே, ஒரு வார்த்தைன்னு எண்ணக் கூடாதா?

கூடாது என்பேன். அனலைஸ் தெரிந்தவருக்கு அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிக்கல் எல்லாம் தெரிந்த மாதிரிதான் தோன்றும். வாக்கியத்தில் எந்த இடத்துக்கு எது வரும் என்பதையும் ஒவ்வொன்றின் உச்சரிப்பையும் சேர்த்துக் கற்றால்தான் உண்மையில் தெரிந்ததாகும். அழுத்தம் எப்படி நகர்கிறது பாருங்கள்: ‘அ’-ன-லைஸ், அ-‘னா’-லி-சிஸ், அ-ன-‘லி’-டி-கல். இ-‘கா’-ன-மி, ஆனால் எ-க-‘னா’-மிக். ஹை-‘பா’-த-சிஸ், ஆனால் ஹை-ப-‘தெ’-டி-கல். ஒரு குடும்பத்தை எடுத்தால் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து உரக்கச் சொல்லுங்கள்.

அழுத்தம்னா அந்த இடத்தைச் சத்தமா சொல்றதுதானே?

சத்தம் அதில் ஒரு பகுதிதான். அழுத்தம் விழும் அசை நீளும், குரல் கொஞ்சம் ஏறும், உயிரொலி முழுசாகக் கேட்கும். அதைவிட முக்கியமானது மறுபக்கம்: மற்ற அசைகள் சுருங்கும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மாத்திரையைக் கொடுத்துத்தான் பேசுகிறோம். அழுத்தத்தை மாற்றிச் சொன்னாலும் தமிழ்ச் சொல்லின் பொருள் மாறாது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தின் எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வோர் ஒலியும் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் ‘பார்டன்?’ என்று கேட்கிறார் என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். அவர் காது அழுத்தத்தின் வடிவத்தை வைத்துத்தான் சொல்லைத் தேடுகிறது.

சுருங்கிய அசைகளில் வரும் மங்கலான உயிரொலிக்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். நமக்கு இது அந்நியமான கருத்தும் அல்ல. ‘பாக்கு’, ‘நாடு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை நம் இலக்கணம் தொல்காப்பியத்திலேயே தனியாகப் பிரித்துவைத்திருக்கிறது. உயிரைக் குறுக்கிச் சொல்ல நம் வாய்க்குத் தெரியும். அதைச் சொல்லின் முதலிலும் நடுவிலும் செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான். அ-‘வெய்’-ல-பிள் என்பதில் முதல் ‘அ’ கேட்டும் கேட்காமலும் போக வேண்டும். டி-‘வெ’-லப் என்பதை ‘டெ’வலப் என்று முதல் அசையில் அழுத்துவது நம்மிடம் மிகப் பரவலான வழக்கம். முதலில் இதைச் சரிசெய்யுங்கள், தினமும் பயன்படும் சொல்.

எந்த அசையில் அழுத்தம் வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மனப்பாடம்தானா?

சின்னச் சொற்களுக்கு மனப்பாடம்தான். அகாடமிக் சொற்களில் ஒரு வசதி இருக்கிறது. அவை பெரும்பாலும் லத்தீன், கிரேக்க வழியில் வந்தவை, அவற்றின் விகுதி அழுத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எ-ஜு-‘கே’-ஷன். ‘இக்’, ‘இக்கல்’ என்று முடிந்தாலும் அதற்கு முந்தைய அசை, மேலே பார்த்த எக்கனாமிக், அனலிட்டிக்கல் போல. ‘இட்டி’ என்றாலும் அப்படியே: ‘ஃப்ளெக்’-ஸி-பிள் என்பது ஃப்ளெக்-ஸி-‘பி’-லி-டி ஆகிறது. ‘லஜி’, ‘க்ரஃபி’ என்று முடிபவற்றில் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் உயிரில் விழும்: ‘மெ’-தட், ஆனால் மெ-த-‘டா’-ல-ஜி. விதிவிலக்குகள் உண்டு. ‘பா’-லி-டிக்ஸ், அ-‘ரித்’-ம-டிக், ‘டெ’-லி-வி-ஷன் மூன்றையும் தனியாக நினைவில் வையுங்கள்.

சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்து, மேலே நிற்கும் சின்னக் கோட்டைப் பாருங்கள். அது அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் போடப்படும், பின்னால் அல்ல. கீழே ஒரு கோடு இருந்தால் அது இரண்டாம் நிலை அழுத்தம். தொடக்கத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

ரெகார்ட்ங்கிற வார்த்தையை ஒரு இடத்துல ஒரு மாதிரி, இன்னொரு இடத்துல வேற மாதிரி சொல்றாங்களே?

பெயரா வினையா என்பதைப் பொறுத்தது. பெயர்ச்சொல்லாக ‘ரெ’-கார்ட், வினையாக ரி-‘கார்ட்’. இன்க்ரீஸ், கான்ட்ராஸ்ட், கான்ஃப்ளிக்ட், ப்ராஜெக்ட், பெர்மிட் எல்லாம் இதே வகை: பெயருக்கு முதல் அசை, வினைக்கு இரண்டாம் அசை. எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. ரிப்போர்ட், கண்ட்ரோல் இரண்டும் எந்த வேலை செய்தாலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான்.

இன்னொரு வகை ‘ஏட்’ என்று முடியும் சொற்கள். வினையாக எஸ்டிமேட், பெயராக எஸ்டிமட். வினையாக செபரேட், தனியான என்ற பொருளில் செப்ரட். அப்ரோப்ரியேட் என்று பலர் நீட்டுகிறார்கள். பொருத்தமான என்ற பொருளில் அது அப்ரோப்ரியட்.

தமிழ் எழுத்துலயே உச்சரிப்பை எழுதி வச்சுக்கலாமா?

ஆரம்பத்தில் உதவும். இந்தப் பக்கத்திலும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் ‘ப’ என்று எழுதினால் அது எந்த ஒலி என்று தெரியாது, ஷ்வாவுக்கு எழுத்து இல்லை, அழுத்தத்துக்குக் குறி இல்லை. ஒரு கட்டத்துக்குமேல் அகராதியில் உள்ள பன்னாட்டு ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்வது நல்லது. 1886-இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் ஒன்று உருவாக்கி வளர்த்த குறிகள் அவை. ஆங்கிலத்துக்குத் தேவையானவை ஐம்பதுக்கும் குறைவு, அவற்றிலும் பாதி நமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளே.

தமிழ் பேசறவங்க வழக்கமா எங்க தடுமாறறோம்?

முதலில் இரட்டை எழுத்து. சம்மரி, சப்போர்ட், அப்ரோச், அஸ்யூம் என்று எழுத்துக்கூட்டலில் இரண்டு மெய் பார்த்ததும் நாம் ஒற்றெழுத்தோடு அழுத்தி நிறுத்துகிறோம். தமிழில் ‘படு’ வேறு, ‘பட்டு’ வேறு, அதனால் அந்தக் கவனம் நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் வரும் இரட்டை மெய்க்கு ஒற்றை ஒலிதான்: ச-ம-ரி, ச-போர்ட். இதை மட்டும் திருத்தினாலே பேச்சின் ஓட்டம் மாறுவதைக் கேட்கலாம்.

அடுத்து சொல்லின் இரு முனைகள். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு யகரம் ஒட்டி யெவிடென்ஸ் ஆகிறது, ஒகரத்துக்கு முன்னால் வகரம் ஒட்டி வொன்லி ஆகிறது. கடைசியில் உகரம் சேர்ந்து டெஸ்ட்டு, பாயின்ட்டு ஆகிறது. முன்பு சொன்ன குற்றியலுகரப் பழக்கம்தான் இங்கே வேண்டாத இடத்தில் வருகிறது. மெய்யோடு நிறுத்தி, வாயை மூடப் பழகுங்கள்.

மூன்றாவது வகரம். நமக்கு ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. வேலிட், வேரியபிள் போன்றவற்றில் மேல்பல் கீழுதட்டைத் தொடும். வெல்த், வைட் போன்றவற்றில் உதடு குவியும், பல் எதையும் தொடாது. கண்ணாடி முன் நின்றால் வித்தியாசம் தெரியும். த ஒலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தியரி, மெத்தட் போன்றவற்றில் நம் தகரம் முழுசாகப் பொருந்தாவிட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

‘ஸ்’க்கும் வண்டு ரீங்காரம் மாதிரி வர்ற ஒலிக்கும் வித்தியாசம் அவ்வளவு முக்கியமா?

சில சொற்களில் முக்கியம், பொருளையே அதுதான் பிரிக்கிறது. யூஸ் பெயராக வந்தால் வெறும் ஸ், வினையாக வந்தால் ரீங்காரம். அட்வைஸும் அப்படித்தான். அனலைஸின் முடிவில் ரீங்காரம் உண்டு, அனாலிசிஸில் இல்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ரீங்கார ஒலிக்கு அதிர்வு தெரியும்.

ஈ, டி சேர்ந்து முடிஞ்சா ‘எட்’னு சொல்லணுமா?

மூலச் சொல் டகர ஒலியில் முடிந்தால் மட்டும் கூடுதல் அசை வரும்: எஸ்டிமேட்டட், இன்க்லூடட். மற்றபடி அசை கூடாது. ஆஸ்க்ட், அசெஸ்ட், ரிக்வயர்ட் என்று ஒரே மூச்சில் முடிய வேண்டும். இதோடு இன்னொன்று: டிடர்மைன் என்று சொல்லாதீர்கள். அது டி-‘டர்’-மின்.

டெட் (கடன்), டவுட், சட்டில் மூணுலயும் ‘பி’ எழுதறோம், சொல்றதில்ல. அப்புறம் எதுக்கு அது?

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது டெட், டவுட் இரண்டிலும் அந்த எழுத்தே இல்லை. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக எழுத்தில் சேர்த்தார்கள். மக்களின் நாக்கு மாறவில்லை. சட்டில் கதையும் கிட்டத்தட்ட இதுவே. ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி உச்சரிக்காமல், கேட்டுவிட்டு உச்சரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிரிட்டிஷா, அமெரிக்கனா?

எது உங்கள் காதில் அதிகம் விழுகிறதோ அது. ஷெட்யூல், ஸ்கெட்யூல் இரண்டும் சரி. லபாரட்டரியில் பிரிட்டிஷார் இரண்டாம் அசையையும் அமெரிக்கர் முதல் அசையையும் அழுத்துகிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் நல்லது. கலந்தாலும் குடி முழுகாது.

நான் கமென்ஸ், யுடிலைஸ்னு சொன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறாங்க. சரியான வார்த்தைதானே?

சரியான வார்த்தைதான், இடம் பொருந்தவில்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியது, கல்வியில் லத்தீன். வீட்டில் மட்டும் பழைய ஆங்கிலச் சொற்கள் தங்கின. அதனால்தான் பிகின் ஒன்று, கமென்ஸ் ஒன்று. பை ஒன்று, பர்ச்சேஸ் ஒன்று. ‘நான் உணவு உட்கொண்டேன்’ என்று நண்பனிடம் யாரும் தமிழில் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே உணர்வு இருக்கிறது.

பேச்சில் யூஸ், ஸ்டார்ட், பை, அபவுட் போதும். பல அகாடமிக் வினைகளுக்குப் பேச்சில் ஒரு கூட்டுவினை இருக்கிறது: இன்வெஸ்டிகேட்டுக்கு லுக் இன்டு, போஸ்ட்போனுக்கு புட் ஆஃப், டாலரேட்டுக்கு புட் அப் வித், எலிமினேட்டுக்கு கெட் ரிட் ஆஃப். இரண்டையும் ஜோடியாகக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன ஆப்ஷன், ஸ்பெசிஃபிக் மாதிரியானவற்றுக்கு எளிய மாற்று இல்லை, அவற்றைத் தயங்காமல் பேசலாம். ஒரு சொல் எந்த வகை என்று தெரியாவிட்டால், இயல்பாகப் பேசும் நேர்காணல்களில் அது வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரே வார்த்தைக்கு கட்டுரையில ஒரு அர்த்தம், பேச்சுல ஒரு அர்த்தம் இருக்குமா?

இருக்கும், இது பலரைக் குழப்புகிறது. கட்டுரையில் ஆர்க்யூ என்றால் காரணங்களோடு ஒரு கருத்தை நிறுவுவது. வீட்டில் ஆர்க்யூ என்றால் சண்டை. அறிவியலில் தியரி என்பது சான்றுகளால் நிலைபெற்ற விளக்கம், பேச்சில் வெறும் ஊகம். புள்ளியியலில் சிக்னிஃபிகன்ட் என்றால் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாதது, அது சிறிய வேறுபாடாகவும் இருக்கலாம். பேச்சில் அது பெரியது, முக்கியமானது. க்ரிட்டிக்கலை மருத்துவமனையில் கேட்டால் உயிருக்கு ஆபத்து, வகுப்பில் கேட்டால் ஆராய்ந்து பார்க்கும் மனப்பாங்கு. அட்டையில் பொருள் எழுதும்போது ‘கட்டுரையில்’, ‘பேச்சில்’ என்று இரண்டு வரி எழுதுங்கள்.

டிஸ்கஸ் அபவுட்னு சொன்னா தப்பாமே. எல்லாரும் சொல்றாங்களே?

டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்று தமிழில் நினைத்து அபவுட் சேர்க்கிறோம். எம்ஃபசைஸுக்குப் பின் ஆன் வேண்டாம், கோப் அப் வித் என்பதில் அப் வேண்டாம், ரிட்டர்ன் பேக் என்பதில் பேக் வேண்டாம். ரிசர்ச், எவிடென்ஸ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றோடு பன்மைக்கு ஸ் சேர்க்காதீர்கள்.

தனிச் சொல்லாகக் கற்றதால் வரும் சிக்கல் இது. ஒவ்வொரு சொல்லையும் அதன் கூட்டாளியோடு கற்க வேண்டும்: ட்ரா எ கன்க்ளூஷன், ரெய்ஸ் எ கொஸ்டின், மீட் எ டெட்லைன். எழுத்தில் கண்டக்ட் ரிசர்ச் என்பது பேச்சில் டூ ரிசர்ச் ஆகிவிடும்.

எனக்குத் தெரிஞ்ச வார்த்தையே அவங்க வேகமா பேசும்போது காதுல விழல. ஏன்?

நீங்கள் மனதில் வைத்திருக்கும் வடிவமும் அவர்கள் சொல்லும் வடிவமும் வேறு. அழுத்தம் பற்றிய கேள்வியில் சொன்னபடி, அவர்கள் பேச்சில் பாதி அசைகள் சுருங்கிவிடுகின்றன. நீங்கள் முழு அசைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். எனவே உங்கள் உச்சரிப்பைத் திருத்துவதே கேட்கும் திறனையும் திருத்தும். அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, பேசுபவரோடு கூடவே, அவர் ஏறும் இடத்தில் ஏறி, சுருக்கும் இடத்தில் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். புதிதாக ஒன்றைத் தேடாமல் அதே அரை நிமிடத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நடுவுல வார்த்தை மறந்துட்டா என்ன பண்றது?

நிறுத்தாமல் சுற்றிச் சொல்லுங்கள். ஹைப்பாதெசிஸ் வரவில்லையா? ‘அன் ஐடியா வி வான்ட் டு டெஸ்ட்’ என்றால் போதும். பெரும்பாலும் எதிரில் இருப்பவரே சொல்லை எடுத்துக்கொடுப்பார், அப்படிக் கிடைத்த சொல் மறக்காது.

தமிழ் வாடை போனாத்தான் உச்சரிப்பு சரின்னு ஆகுமா? யாராவது திருத்தினா கூச்சமா இருக்கு.

போக வேண்டியதில்லை. உலகில் ஆங்கிலம் பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழியே அல்ல. ஒவ்வொருவர் பேச்சிலும் அவரவர் மொழியின் சாயல் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலில் அழுத்தம் முதலிடம், சொல்லின் கடைசி மெய்யொலி அடுத்து, வகரமும் ரீங்காரமும் அதற்குப் பின். ஒலியில் எஞ்சியிருக்கும் தமிழ்ச் சாயலைத் துடைக்க நேரம் செலவிடுவதைவிட, அந்த நேரத்தில் இன்னொரு சொற்குடும்பத்தைக் கற்கலாம்.

யாராவது திருத்தினால், ஒரு முறை அவர் சொன்னபடி திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். வீட்டுக்கு வந்ததும் அகராதியில் பாருங்கள். அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் இரண்டுமே சரியாக இருப்பதும் உண்டு, லபாரட்டரி மாதிரி.